'ழி'யில் முடியும் ஒரு பெயர்

சென்ற ஆண்டு என் அக்காவுக்கு இரண்டாவது பெண் பிறந்தாள். மூத்தவள் பெயர் கயல்விழி. இளையவளின் பெயரும் 'ழி'யில்தான் முடிய வேண்டும் என்று மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே அக்கா சொல்லிவிட்டாள். குடும்பத்தில் தமிழை ஒரு பாடமாக எடுத்துப் படித்தவள் நான் ஒருத்தி என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "மூன்று வருசம் தமிழ்ப் பேரவை, பேரவை என்று அலைந்தாயே, ஒரு பெயர் கண்டுபிடிக்க முடியாதா?" என்று அத்தான் கேட்டார். பேரவையில் நான் பெரும்பாலும் நாற்காலி அடுக்கினேன், கலையிரவுக்கு நுழைவுச்சீட்டு விற்றேன் என்பது அவருக்குத் தெரியாது.

நாற்பது பெயர்களாவது சொல்லிவிடலாம் என்று எண்ணித்தான் ஒப்புக்கொண்டேன். அப்போது அக்காவின் மாமியார் பஞ்சாங்கத்தோடு வந்தார். நானும் அவரை அத்தை என்றே அழைப்பேன். குழந்தை பிறந்தது அஸ்த நட்சத்திரத்தில். அதற்குரிய எழுத்துகள் பூ, ஷ, ண, ட. இவற்றில் ஒன்றில் பெயர் தொடங்க வேண்டும் என்றார். ஆக, முதலெழுத்தை அத்தை முடிவு செய்துவிட்டார், கடைசி எழுத்தை அக்கா முடிவு செய்துவிட்டாள். நடுவில் இருப்பதை நிரப்ப வேண்டியது என் வேலை.

இந்த நட்சத்திர எழுத்து முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தேழு நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து என்று மொத்தம் 108 எழுத்துகள். இது வடமொழி ஒலிகளை வைத்துக் கட்டப்பட்ட அட்டவணை. தமிழில் ட, ண இரண்டும் சொல்லுக்கு முதலில் வாரா என்பதைத் தொல்காப்பியம் படித்தவர்கள் அறிவர். திருவாதிரைக்கு 'ங' என்றுகூட ஓர் எழுத்து உண்டு. அந்தப் பாதத்தில் பிறந்த குழந்தைக்கு என்ன பெயர் வைப்பார்களோ! எங்கள் நான்கில் 'ஷ' வடமொழி எழுத்து, ட, ண மொழிமுதல் வாரா. தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் எஞ்சியது 'பூ' ஒன்றுதான். பூவில் தொடங்குவது கெடுதியில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அத்தையின் கையிலிருந்த தாளில் பூஜாஸ்ரீ, பூர்ணிஷா என்று இரண்டு பெயர்கள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன.

அவரை மறுத்துப் பேசும் முன் நானே தெளிவு பெற வேண்டியிருந்தது. பெண்ணின் பெயர் எந்த ஒலியில் முடிந்தால் தமிழுக்கு இயல்பு? ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். சங்கப் புலவர்களில் ஔவை, நக்கண்ணை, நச்செள்ளை ஆகியோரின் பெயர்கள் ஐகாரத்தில் முடிகின்றன. ஆதிமந்தி, மாசாத்தி இருவரும் இகரம். சிலப்பதிகாரத்தைப் புரட்டினால் கண்ணகி, மாதவி, தேவந்தி, கவுந்தி, மாதரி என்று இகரம் வரிசை கட்டி நிற்கிறது. மாதரியின் மகள் ஐயையும் மாதவியின் மகள் மணிமேகலையும் ஐகாரம். சோழர் குடும்பத்துக்கு வந்தால் குந்தவை ஐகாரம், செம்பியன் மாதேவி இகரம். இவற்றோடு 'ள்' என்ற ஒற்றும் உண்டு. வினைமுற்றில் பெண்பாலைக் காட்டும் எழுத்தாகத் தொல்காப்பியர் சொல்வது இந்த ளகர ஒற்றைத்தான். நம் தோட்டங்களில் இருந்த அங்கம்மாள், முத்தம்மாள் எல்லாம் அந்த வழி வந்தவர்கள்.

ஆகாரம் எங்கே? சீதா, ராதா, யமுனா என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பெயர்கள் தமிழுக்குள் வந்தபோது சீதை, ராதை, யமுனை என்று மாறின. வடசொல்லின் ஆகார ஈறு ஐகாரமாகும், ஈகார ஈறு இகரமாகும் என்று நன்னூல் இதற்கு விதியே சொல்கிறது. இப்போது நடப்பது இதற்கு நேர்மாறு. ஆதிரை என்ற நல்ல பெயர் ஆதிரா ஆகிறது. தமிழில் ஆகாரத்தில் முடியும் பெண்பெயரே இல்லையா என்றால், 'நிலா' இருக்கிறது. அதைத் தாண்டி இரண்டாவது சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஆகார ஈற்றுப் பெயர்களை நான் குறை சொல்லவில்லை, என் நெருங்கிய தோழியர் பலரின் பெயர்கள் அப்படித்தான் முடிகின்றன. ஆனால் பெண் பெயர் என்றாலே 'ஆ'வில் முடிந்தால்தான் அழகு என்று நம்மவர் எண்ணத் தொடங்கிவிட்டது அண்மைக் காலத்துப் பழக்கம்.

கூப்பிடும்போது என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இலக்கணத்தில் இதற்கென்றே விளிமரபு என்று ஓர் இயல் இருக்கிறது. இகரத்தில் முடிந்தால் ஈகாரமாக நீளும், ஐகாரத்தில் முடிந்தால் 'ஆய்' என்று மாறும். அக்கா வீடு அடுக்குமாடியில் நான்காவது மாடி. "கயல்விழீ!" என்று அவள் குரல் கொடுத்தால் கீழே ஊஞ்சலில் ஆடுகிற பிள்ளைக்குக் கேட்கும். அத்தை எழுதி வைத்திருந்த பெயரையும் அதே மாடியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். 'ஸ்ரீ' காற்றோடு போய்விடுகிறது. இந்தச் சோதனையை யாரும் செய்து பார்க்கலாம்.

இகரம் என்றாலே பெண்பால் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. பாரி, ஓரி, காரி, அஞ்சி, நலங்கிள்ளி எல்லாரும் ஆண்கள். என் பெயரே அருள்மொழி. முதலாம் இராசராச சோழனின் இயற்பெயர் அது. வகுப்பில் 'மன்னா' என்று கேலி செய்த நண்பர்கள் இதைப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். தலைவன்-தலைவி, தோழன்-தோழி, செல்வன்-செல்வி என்னும் இணைகளில் வரும் இகரம் பெண்பால் விகுதி. விழி, மொழி என்பவற்றில் உள்ள இகரம் அப்படியல்ல. அது சொல்லோடு பிறந்தது. பிறகு எப்படிக் கயல்விழி பெண்ணானாள்?

விடை அன்மொழித்தொகையில் இருக்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன பகுதி. கயல்விழி என்றால் கயல் மீனைப் போன்ற விழி. அதற்கு மேல் 'உடையவள்' என்ற சொல் மறைந்து நிற்கிறது. பெயரில் எழுதப்படாத அந்தச் சொல்தான் பெண்ணைக் காட்டுகிறது. தேன்மொழியும் அப்படியே, தேன் போன்ற மொழியை உடையவள். பழைய இலக்கியத்தில் இத்தகைய தொடர்கள் பெரும்பாலும் ஒரு பெண்ணை வருணிக்கவோ விளிக்கவோ வருகின்றன. வீடுதோறும் ஒரு மலர்விழி, ஒரு தேன்மொழி என்று பெயர்களாக அவை பரவியது இருபதாம் நூற்றாண்டில். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் பின்னர் திராவிட இயக்கமும் அதற்கு வழி வகுத்தன. பெரியார் 1929இலும் 1954இலும் மலாயாவுக்கு வந்தார். கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார், 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்தார். இந்தக் காற்று தோட்டங்களிலும் வீசியது. மாரியாயி பெற்ற பிள்ளை தமிழ்ச்செல்வியாகவும் தமிழ்ச்செல்வி பெற்ற பிள்ளை கனிமொழியாகவும் ஆன குடும்பங்களை நீங்களும் அறிந்திருப்பீர்கள்.

எனினும் இந்தப் பெயர்கள் முற்றிலும் புதியவை அல்ல. கோயில்களில் அம்மனின் பெயர்களைக் கவனித்தால் தெரியும். வேதாரண்யத்து அம்மன் யாழைப்பழித்த மொழியம்மை. திருச்சிராப்பள்ளியில் மட்டுவார்குழலம்மை. சிக்கலில் வேல்நெடுங்கண்ணி. நாகப்பட்டினத்தில் நீலாயதாட்சி, அவளுக்கே தமிழில் கருந்தடங்கண்ணி என்று பெயர். நம் முன்னோரில் பலர் கப்பலேறியது அந்த நாகப்பட்டினத்தில்தான். என் பாட்டியின் தாயாரும் அங்கேதான் ஏறினார். கடலைப் பார்ப்பதற்கு முன் அவர் கருந்தடங்கண்ணியைப் பார்த்திருக்கக்கூடும். பழைய 'கண்ணி' பின்னால் 'விழி' ஆனது, பழைய 'மொழியம்மை'யில் அம்மை விடைபெற்று 'மொழி' நின்றது. கட்டமைப்பு மாறவில்லை.

இதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. மதுரை மீனாட்சிக்குத் தமிழில் அங்கயற்கண்ணி என்று பெயர். மீன் போன்ற கண்ணை உடையவள். கயல்விழி என்பதும் அதே பொருள்தான். அத்தையின் பெயர் மீனாட்சி. 'ழி' என்பதெல்லாம் கட்சிக்காரர்கள் வைக்கும் பெயர் என்று நான்கு ஆண்டுகளாக முணுமுணுத்துக்கொண்டிருந்தவரின் பெயரையே மூத்த பேத்தி சுமந்துகொண்டு திரிகிறாள்! பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரன், பெயர்த்தி என்பவற்றின் மரூஉ. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குபவர்கள் என்று பொருள். நான் ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அப்படியா? இத்தனை நாள் யாரும் சொல்லலையே" என்றார். சற்றுக் கழித்து, "சரி, சின்னவளுக்கு ஸ்ரீ போடலாம் இல்லையா?" என்றும் கேட்டார்.

இதற்கிடையில் அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்மா அப்படித்தான், கேட்டால்தான் சொல்வார். கேட்டேன். "உங்க பாட்டி பேரு பூவுலதானே ஆரம்பிக்குது" என்றார். பூவாயி. ஆயி என்றால் தாய். செல்லாயி, மாராயி, அஞ்சலாயி என்று ரப்பர் மரங்களுக்கிடையே ஒரு காலத்தில் ஒலித்த ஈறு அது. விடியுமுன் எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன ஒரு தலைமுறையே அந்த ஈற்றோடு முடிந்துவிட்டது. இன்று எந்தப் பெற்றோரும் பிள்ளைக்குப் பூவாயி என்று வைக்கத் துணியார். நானும் துணியமாட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பள்ளியில் அவள் படப்போகும் கேலி முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால் பஞ்சாங்கம் தந்த எழுத்தும் பாட்டியின் எழுத்தும் ஒன்றாக இருந்தது எனக்கு ஒரு வழியைக் காட்டியது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் தன் முன்னோர் ஒருவரைக் கடலிலிருந்து காப்பாற்றிய தெய்வத்தின் பெயரைத்தான் மகளுக்கு வைக்கச் சொல்கிறான், மணிமேகலை என்று. பெயரில் குடும்பத்தின் நினைவு ஒன்று இருக்கட்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல.

இனிப் 'பூ'வில் தொடங்கி 'ழி'யில் முடியும் சொற்கள். விழி, மொழி, வழி, ஆழி, ஊழி, தோழி, சுழி, நாழி என்று 'ழி'யில் முடிபவற்றை எழுதினேன். பழி, குழி, அழி, இழி என்று ஆகாதவையும் இதே ஈற்றில் நிறைய இருக்கின்றன. கோழியும் இருக்கிறது. அத்தான் அதைத்தான் முதலில் சொன்னார். பூந்தோழி கேட்க நன்றாக இருந்தது, ஆனால் அழைப்பவர் எல்லாருக்கும் அவள் தோழியாகிவிடுவாள். பூமொழியில் பொருள் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. மொழி தேனாகலாம், கனியாகலாம், பூவாவது எப்படி? பூங்குழலி அழகான பெயர், ழகரமும் உண்டு, ஆனால் முடிவு 'லி'. அக்கா ஏற்கவில்லை. யாழினி, மகிழினி போல இக்காலத்தில் புதிதாக ஆக்கும் பெயர்களையும் பார்த்தேன். 'எழிலி' என்று மேகத்துக்குச் சங்க காலச் சொல் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. அடுத்த குழந்தைக்கு ஆகட்டும் என்றேன். அக்கா முறைத்தாள்.

பூவிழி. பூப்போன்ற விழியை உடையவள். ஐந்து நிமிடத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது.

பிறப்புப் பத்திரத்தில் பெயர் ரூமியில் பதிவாகிறது. ழகரத்துக்கு ரூமியில் எழுத்தில்லை. என் கதையைச் சொல்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் நான் அருள்மொழியாக இருந்தேன். எங்கள் ஆசிரியை 'ழ' வராத பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, நாக்கை மடி, மேலே ஒட்டவிடாதே என்று சொல்லிச் சொல்லிப் பழக்குவார். இடைநிலைப் பள்ளிக்குப் போன முதல் நாளே நான் 'அருல்மோலி' ஆனேன். பத்திரத்தில் 'எல்' போட்டு எழுதியிருந்தது. எழுதச் சொன்னது அப்பாவா, எழுத்தரே எழுதிக்கொண்டாரா என்று இன்றுவரை தெரியாது. 'மோலி' என்பதே என் பெயர் என்று நண்பர்கள் நினைத்தார்கள். சில ஆண்டுகளில் நானும் அப்படியே சொல்லிக்கொள்ளத் தொடங்கினேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். பட்டமளிப்பு விழாவில் மேடையேறும்போது ஒலிபெருக்கியில் வந்ததும் அந்த மோலிதான். கீழே அமர்ந்திருந்த அப்பா ஒரு கணம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம்.

விடுதியில் என்னோடு தங்கியிருந்த சீனத் தோழி ஒருத்தி மட்டும் விதிவிலக்கு. தமிழில் உன் பெயரை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டாள். சொன்னேன். முதல் முறையிலேயே 'ழி' சரியாக வந்தது. மாண்டரினில் மனிதனைக் குறிக்கும் 'ரென்' என்ற சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிக நெருக்கமானது என்று பிறகு படித்து அறிந்தேன். தொல்காப்பியர் இதைக் கேட்டால் வியந்திருக்க மாட்டார். நுனிநாக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும்போது பிறப்பவை என்று ரகரத்தையும் ழகரத்தையும்தான் அவர் ஒன்றாகச் சேர்க்கிறார். லகர ளகரங்களுக்குத் தனி நூற்பா. காதுக்கு 'ள' பக்கத்தில் இருப்பதாகத் தோன்றினாலும், நாக்குக்கு 'ர'தான் பக்கத்து வீடு.

எழுத்துக்கூட்டலில் நமக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 'எல்'. நம் மொழியின் பெயரையே உலகம் 'எல்' போட்டுத்தான் எழுதுகிறது, சோழரையும் அப்படியே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் ழகரத்துக்கு 'எல்'லைத்தான் எடுத்துக்கொண்டது, ஆனால் அடியில் ஒரு கோடு இட்டது. அந்தக் கோட்டைப் படிவத்தில் போட முடியாது. இன்னொன்று, 'இசட் எச்'. கோழிக்கோடு, ஆலப்புழை போன்ற ஊர்களை ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதுகிறார்கள். இதில் உள்ள இடர், அறியாதவர் இதை 'ஸி' என்று வாசித்துவிடுவார்.

அத்தான் 'எல்' பக்கம் நின்றார். மலாய் ஆசிரியர் வாசிக்க எளிது, நாக்கு சுளுக்காது என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். விழி 'எல்' பெற்றால் 'விலி'. பூவிழி பூவிலி ஆகிவிடுவாள். தமிழில் 'இலி' என்பது இல்லாமையைக் காட்டும் ஈறு. நாணிலி என்றால் நாணம் இல்லாதவர். பூவிலி என்றால் பூ இல்லாதவள். பாட்டியின் பூவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கடைசி எழுத்தில் அதைப் பறித்துவிடுவதா? 'எல்' இரண்டு போட்டால் இன்னும் மோசம், வில்லி! கயல்விழியின் பெயரைத் தடுப்பூசி அட்டையில் யாரோ அப்படி எழுதிவைத்து அக்கா பட்ட பாடு அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். 'இசட் எச்' தவறாக வாசிக்கப்படலாம், ஆனால் அப்படி வாசித்தால் பொருளில்லாத ஓர் ஒலி வரும், வேறு ஒரு பொருள் வந்து உட்காராது. தமிழறிந்தவர் பார்த்தவுடனே இது ழகரம் என்று தெரிந்துகொள்வார். அறியாதவர் "இதை எப்படிச் சொல்வது?" என்று கேட்பார். கேட்கட்டும் என்றேன். முன்னால் 'பூ'வுக்கு 'ஓ' இரண்டு வேண்டாம், 'யு' ஒன்று போதும், மலாய்க்காரர் சரியாகவே வாசிப்பார் என்பதில் எல்லாரும் உடன்பட்டோம். பெயரெண் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டலாமா என்று அத்தை கேட்டார். அத்தானே வேண்டாம் என்றுவிட்டார்.

பதிவு முகப்பில் இருந்தவர் ஓர் இளம் மலாய்ப் பெண். படிவத்தைப் பார்த்தார், நிமிர்ந்தார், எப்படிச் சொல்வது என்று கேட்டார். அத்தான் சொன்னார். அவருக்கே 'ழ' சரியாக வராது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அக்கா சொன்னாள். அந்தப் பெண் மூன்று முறை முயன்றார், மூன்றாவது முறை கிட்டத்தட்ட வந்துவிட்டது. பிறகு அனாக் பெரம்புவான், அத்தான் பெயர், அச்சு, கையொப்பம்.

அத்தை இப்போது பூவிழியைப் 'பாப்பா' என்கிறார். அம்மா குளிப்பாட்டும்போது யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பூவாயி என்கிறார். கயல்விழிக்கு நான்கரை வயது, தங்கையின் பெயரைச் சொல்ல நாக்கை மடித்துப் பழகிக்கொண்டிருக்கிறாள், பாதி நாள் வருகிறது. நான் ஓர் அட்டையில் தமிழில் பூவிழி என்று பெரிதாக எழுதி, பிறப்புப் பத்திரம் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் சேர்க்கும் நாளில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் பார்த்து எழுத அது வேண்டும்.